‘செலவாகிவிட்டது’ என்று எழுதிய சகோதரருக்கு

வாசகர் கடிதத்தின் சுருக்கம்:

“மதிப்பிற்குரிய ஐயா, தென்மாவட்டக் கிராமச் சபை ஒன்றில் ஒன்பது ஆண்டுகள் பொருளாளராக இருந்தேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, அறுப்பின் பண்டிகை ஏலப் பணத்தை எண்ணி முடிக்க இரவாகிவிட்டது. மறுநாள் வங்கியில் செலுத்தலாம் என்று ஆலயத்தின் வெஸ்ட்ரி அறை அலமாரியில் வைக்கப்பட்டது. அலமாரிச் சாவி என்னிடமும், கதவுச் சாவி ஆலயத்தைப் பெருக்கி மணியடிக்கிற கோயில்பிள்ளையிடமும் இருந்தன. அந்த வாரம் குழுக் கடன் தவணை நெருக்கியது. மைத்துனர் என்னிடம் வாங்கிய பணத்தைத் திருப்பித் தரவில்லை. அந்த வேளை பார்த்துப் பிசாசு என்னை விழத்தள்ளிவிட்டான். 22,000 ரூபாய் செலவாகிவிட்டது. கணக்கில் குறைவு தெரிந்தபோது கோயில்பிள்ளைமேல் சந்தேகம் விழுந்தது. மாதம் 4,500 ரூபாய் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்த அவரைச் சபை மன்றம் நீக்கிவிட்டது. இப்போது 26 மாதங்கள் ஆகின்றன. பின்பு ஒரு கன்வென்ஷன் கூட்டத்தில் அழுது அறிக்கையிட்டேன், சமாதானம் கிடைத்தது. அந்தப் பணம் முழுவதையும் சிறுகச் சிறுகக் காணிக்கைப் பெட்டியில் போட்டுவிட்டேன். சனிக்கிழமைதோறும் உபவாசம் இருக்கிறேன்; ஞாயிறு பள்ளியில் ஊழியம் செய்கிறேன்; தேவனுக்குக் கீழ்ப்படிந்து நடக்கிறேன். ஆனால் என் மனைவி, கோயில்பிள்ளையின் வீட்டுக்குப் போய் உண்மையைச் சொல்ல வேண்டும் என்கிறாள். மாதம் ஒருமுறை அவர்களுக்கு அரிசி கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்து அழுகிறாள். ‘தேவரீர் ஒருவருக்கே விரோதமாக நான் பாவஞ்செய்து’ என்று தாவீதே சொல்லியிருக்கிறாரே. தேவன் மன்னித்துவிட்டதை மனுஷரிடம் கிளற வேண்டுமா? காலையில் கோயில் மணி அடிக்கும்போது மட்டும் நெஞ்சுக்குள் என்னவோ செய்கிறது.”

கர்த்தருக்குள் அன்பான சகோதரருக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை வாசித்தேன். மூன்றாம் முறை ஒரு பென்சிலை எடுத்துக்கொண்டு, வினைச்சொற்களின் கீழ் மட்டும் கோடிட்டேன். இரவாகிவிட்டது, வைக்கப்பட்டது, நெருக்கியது, விழத்தள்ளிவிட்டான், செலவாகிவிட்டது, சந்தேகம் விழுந்தது, நீக்கிவிட்டது. இந்த இடம்வரைக்கும் நடந்த எதையும் நீங்கள் செய்ததாக உங்கள் கடிதம் சொல்லவில்லை. அதற்குப் பிறகு வருகிறவை வேறு மாதிரி இருக்கின்றன: அறிக்கையிட்டேன், போட்டுவிட்டேன், இருக்கிறேன், செய்கிறேன், நடக்கிறேன். நன்மை தொடங்குகிற இடத்தில்தான் நீங்கள் தன்மையில், ‘நான்’ என்று, எழுதத் தொடங்குகிறீர்கள். ‘எடுத்தேன்’ என்ற ஒரு சொல்லை நான் கடிதம் முழுவதும் தேடினேன், அது இல்லை.

இதை உங்களைக் குற்றப்படுத்துவதற்காக எழுதவில்லை. செய்தவனைப் பின்னால் நிறுத்தி, செயல் தானாகவே நடந்ததுபோல் காட்டும் வினைகள் நம் பேச்சில் ஏராளமாக உண்டு. நாம் எல்லோரும் அவற்றுக்குள் ஒதுங்கியிருக்கிறோம். அடுப்பங்கரையில் ஒரு பீங்கான் தட்டு கீழே விழும். பிள்ளை ஓடி வந்து, “அம்மா, தட்டு உடைஞ்சிருச்சு” என்று சொல்லும். படிப்பறிவில்லாத தாயும் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு, “உடைஞ்சுச்சா, நீ உடைச்சியா?” என்றுதான் கேட்பாள். அந்த இரண்டு வினைகளுக்கும் இடையில் இருக்கிற தூரத்தை நடந்து கடப்பதற்குத்தான் வேதம் மனந்திரும்புதல் என்று பெயர் வைத்திருக்கிறது என்பது, முப்பது ஆண்டுகளுக்கு மேலாகச் சபைகளில் குருவானவராகவும் ஆலோசகராகவும் இருந்த என்னுடைய முடிவு.

யாத்திராகமம் 32ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். மோசே மலையில் இருந்தபோது, வணங்குவதற்குத் தெய்வங்களை உண்டுபண்ணும்படி ஜனங்கள் அவன் அண்ணன் ஆரோனைக் கேட்டார்கள். ஆரோன் பொன்னை வாங்கி, சிற்பக்கருவியினால் வடிவம் கொடுத்துக் கன்றுக்குட்டியை வார்ப்பித்தான் என்று நாலாம் வசனம் சொல்லுகிறது. மோசே வந்து கேட்டபோது அதே ஆரோன் சொன்னது இது: “அதை அக்கினியிலே போட்டேன், அதிலிருந்து இந்தக் கன்றுக்குட்டி வந்தது.” கருவி பிடித்த கை மறைந்துபோயிற்று, கன்றுக்குட்டி தானாகவே நெருப்பிலிருந்து நடந்து வந்துவிட்டது. ‘22,000 ரூபாய் செலவாகிவிட்டது’ என்பதும் அந்தக் கன்றுக்குட்டி வந்த வழியாகவே வந்திருக்கிறது.

பிசாசைப் பற்றியும் சொல்ல வேண்டும். சோதனைக்காரன் இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஏதேனில் ஏவாள், “சர்ப்பம் என்னை வஞ்சித்தது” என்று சொன்னது பொய்யே இல்லை. தேவனும் அதை மறுக்காமல் சர்ப்பத்தைத் தனியே சபித்தார். ஆனாலும் அந்த உண்மை ஏவாளுடைய பங்கைக் குறைக்கவில்லை. ஆதாம் சொன்னதும் உண்மைதான். ஆனால் அவன் அதைச் சொன்ன விதத்தைக் கவனியுங்கள்: “என்னுடனே இருக்கும்படி தேவரீர் தந்த ஸ்திரீயானவள்” என்று தொடங்கி, மனைவியையும் அவளைத் தந்த தேவனையும் முன்னால் நிறுத்திவிட்டு, கடைசியில்தான் “நான் புசித்தேன்” என்ற இடத்துக்கு வந்து சேர்கிறான். உங்கள் மைத்துனர் பணத்தைத் திருப்பித் தராததும், தவணை நெருக்கியதும் அப்படியே உண்மைகள், நான் சந்தேகப்படவில்லை. ஆனால் அவை நின்றுகொண்டிருக்கும் இடம் உங்கள் கைக்கும் அலமாரிக்கும் நடுவில். யாக்கோபு தம் நிருபத்தில், “அவனவன் தன்தன் சுய இச்சையினாலே இழுக்கப்பட்டு, சிக்குண்டு, சோதிக்கப்படுகிறான்” என்று எழுதுகிறபோது, ‘தன்தன்’ என்று இரட்டித்து வருவதை நிதானமாக வாசித்துப் பாருங்கள்.

இனி, நீங்கள் ‘கீழ்ப்படிந்து நடக்கிறேன்’ என்று எழுதியிருப்பதற்கு வருகிறேன். இந்தப் பகுதியைத்தான் மிகுந்த அக்கறையோடு எழுதுகிறேன். ஏனென்றால் உங்கள் உபவாசமும் ஞாயிறு பள்ளி ஊழியமும் வேஷம் என்று நான் நினைக்கவில்லை. 1 சாமுவேல் 15ஆம் அதிகாரத்தில் சவுல் ராஜாவும் வேஷம் போடவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. அமலேக்கியரையும் அவர்களுடைய ஆடுமாடுகளையும் முற்றிலும் அழிக்கச் சொன்ன அந்தக் கட்டளை எனக்கு இன்றைக்கும் வாசிக்கக் கடினமான பகுதி. அதைப் பற்றி எழுத இது இடம் இல்லை. நான் பார்க்கச் சொல்வது சவுலின் பேச்சை. தீர்க்கதரிசி சாமுவேலைக் கண்டவுடன், கர்த்தருடைய வார்த்தையை நிறைவேற்றினேன் என்று அவனாகவே முந்திக்கொண்டு சொல்கிறான். சாமுவேல் வாதாடவில்லை, காதில் விழுந்ததைக் கேட்கிறான்: “அப்படியானால் என் காதுகளில் விழுகிற ஆடுகளின் சத்தமும், எனக்குக் கேட்கிற மாடுகளின் சத்தமும் என்ன?” உடனே சவுலின் வினைச்சொற்கள் மாறிவிடுகின்றன. கொண்டுவந்தார்கள், தப்பவைத்தார்கள் என்று, ஆடுமாடுகளை உயிரோடே வைத்தது ஜனங்களின் செயலாகிவிடுகிறது. அதுவும் பலியிடுவதற்காகத்தானே என்று ஒரு பக்தியான காரணமும் சேர்ந்துகொள்கிறது. ஆனால் மற்றவைகளை அழித்ததைச் சொல்லும்போது மட்டும் ‘அழித்துப்போட்டோம்’ என்று தன்னையும் சேர்த்துக்கொள்கிறான்.

சகோதரரே, தினமும் காலையில் வேறொருவர் கையால் அடிக்கப்படுகிற அந்தக் கோயில் மணிதான் உங்கள் காதில் விழுகிற ஆடுகளின் சத்தம். அதைப் பிசாசின் குற்றப்படுத்துதல் என்று யாராவது உங்களுக்கு விளக்கம் சொன்னால் நம்பாதீர்கள். தேவன் உங்களோடு பேசுவதை நிறுத்திவிடவில்லை என்பதற்கு அது அடையாளம்.

“பலியைப்பார்க்கிலும் கீழ்ப்படிதலும், ஆட்டுக்கடாக்களின் நிணத்தைப்பார்க்கிலும் செவிகொடுத்தலும் உத்தமம்” என்பது அந்த அதிகாரத்தின் நாம் எல்லோரும் மனப்பாடம் செய்த வசனம். அதில் கீழ்ப்படிதலும் செவிகொடுத்தலும் அடுத்தடுத்து நிற்பதற்குக் காரணம் உண்டு. எபிரெய மொழியில் ‘ஷாமா’ என்ற ஒரே வினைச்சொல் கேட்பதையும் கீழ்ப்படிவதையும் குறிக்கும். இது தமிழருக்குப் புதிதாக விளக்க வேண்டிய செய்தி இல்லை. ‘சொல்பேச்சு கேட்கிற பிள்ளை’ என்று நாம் சொல்லும்போது காது நன்றாகக் கேட்கிற பிள்ளை என்று ஒருவரும் பொருள் கொள்வதில்லை. அப்படியானால் கீழ்ப்படிதல் என்பது தேவனுக்காக நாம் தேர்ந்தெடுத்துச் செய்கிற நற்காரியங்களின் தொகை ஆகாது. அவர் இப்போது எதைச் சொல்லிக்கொண்டிருக்கிறாரோ, அதைக் கேட்பது. உங்களிடத்தில் அவர் 26 மாதங்களாக ஒரே காரியத்தைச் சொல்லிக்கொண்டிருக்கிறார். மணியின் மூலமாகவும், உங்கள் மனைவியின் மூலமாகவும். சனிக்கிழமை உபவாசத்தை அவர் கேட்டதாக உங்கள் கடிதத்தில் எங்கும் இல்லை. அது நீங்களாகக் கொண்டுவந்தது.

தாவீதின் வார்த்தையை உங்களுக்கு ஆதாரமாக எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். அந்த 51ஆம் சங்கீதத்தின் தலைப்பை வாசியுங்கள். பத்சேபாளோடு தாவீது சேர்ந்ததும், அதன்பின் நாத்தான் தீர்க்கதரிசி அவனிடம் வந்ததும் அதில் மறைக்காமல் எழுதப்பட்டு, ஆலய ஆராதனையில் பாடும்படி இராகத்தலைவனிடம் ஒப்புவிக்கப்பட்டிருக்கின்றன. தன் பாவத்தைத் தேவனுக்கும் தனக்கும் இடையில் ரகசியமாக வைத்துக்கொண்ட ஒருவன் செய்கிற காரியமா அது? “தேவரீர் ஒருவருக்கே” என்று தாவீது சொன்னது, எந்தப் பாவமும் முடிவில் தேவனுக்கு எதிரானது என்ற ஆழத்தை உணர்ந்து சொன்னது. மனிதருக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை என்ற அர்த்தத்தில் அவன் சொல்லவில்லை. இன்னொன்றும் உண்டு. தாவீது அந்தச் சங்கீதத்தைப் பாடியபோது, போய்க் காலில் விழுவதற்கு, அவன் கொல்லுவித்த பத்சேபாளின் கணவன் உரியா உயிரோடில்லை. உங்கள் உரியா உயிரோடிருக்கிறார். உங்கள் தெருவுக்கு அப்பால் இருக்கிறார். உங்கள் மனைவி கொண்டுபோகும் அரிசியைச் சாப்பிடுகிறார்.

அவரைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒன்றரை வரிதான் இருக்கிறது. அதனால் நான் கொஞ்சம் நின்று எழுதுகிறேன். அலமாரிக்கு ஒரு சாவியும் கதவுக்கு ஒரு சாவியும் இருந்தன. பணம் இருந்தது அலமாரியில். ஆனாலும் சபையார் இரண்டு சாவிகளில் ஏழையின் சாவியைத்தான் பார்த்தார்கள். பொருளாளர்மேல் ஒருவருக்கும் சந்தேகம் வராததும், பெருக்கித் துடைத்து மணியடிக்கிற மனிதர்மேல் உடனே வந்ததும் நம் சபைகளின் பழைய வியாதி. அதற்கு உங்கள் சபை மன்றம் கர்த்தருக்கு முன்பாகப் பதில் சொல்ல வேண்டும். விசாரணை இல்லாமல் ஒருவரை நீக்கியதும், திரட்டிய பணத்தை மூன்று பேராக எண்ணி அங்கேயே கையெழுத்திட்டு முடிக்காததும் அவர்களுடைய தவறுகள். அவற்றை உங்கள் கணக்கில் நான் எழுதவில்லை. நீங்களும் அவற்றை உங்கள் கணக்கிலிருந்து கழிக்கும் தொகையாக எழுதிக்கொள்ளாதீர்கள். ஆனால் அந்த வியாதியினால் பயன் அடைந்தவர் நீங்கள். ‘சந்தேகம் விழுந்தது’ என்று எழுதியிருக்கிறீர்கள். அது விழுந்த இடத்தில் கிடக்கட்டும் என்று நீங்கள் விட்டீர்கள். சாட்சியாயிருந்தும், தான் அறிந்ததைத் தெரிவிக்காதவன் தன் அக்கிரமத்தைச் சுமப்பான் என்று லேவியராகமம் 5ஆம் அதிகாரம் தொடக்கத்திலேயே சொல்லுகிறது. பணத்தை எடுத்தது ஒரு மாலைப்பொழுதில் முடிந்துபோன பாவம். மௌனம் அப்படியல்ல, அது ஒவ்வொரு மாதமும் சம்பள நாளன்று புதிதாகச் செய்யப்படுகிறது.

என் சொந்தக் காரியம் ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். இல்லையென்றால் இவ்வளவு கடினமாக எழுத எனக்கு உரிமை இல்லை. ஊழியத்தின் மூன்றாம் வருஷம், படுக்கையில் இருந்த ஒரு வயதான தாயார் வீட்டில் திருவிருந்து கொடுக்கும்படி சபை ஊழியர் மூலமாகச் சொல்லியனுப்பினார். அவர் வந்து என்னிடம் சொன்னார். நானும் சரி என்றேன். வேறு அலுவல்களில் போகாமல் விட்டுவிட்டேன். இரண்டாம் நாள் இரவு அந்தத் தாயார் இறந்துபோனார். அடக்க ஆராதனைக்குப் போனபோது மகள் கேட்ட கேள்விக்கு, “செய்தி எனக்கு வந்து சேரவில்லையம்மா” என்றேன். சபை ஊழியர் முற்றத்தில் நாற்காலிகளை விரித்துப் போட்டுக்கொண்டிருந்தார். அவர் காதில் விழுந்தது. கையில் மடக்கு நாற்காலியோடு ஒரு நிமிஷம் நின்று என்னைப் பார்த்தார். பிறகு அதை விரித்துப் போட்டுவிட்டு அடுத்ததை எடுக்கப் போனார். அதற்குப் பிறகு பதினொரு மாதங்கள் அவர் எனக்குக் குடை பிடித்தார், அங்கியை மடித்து வைத்தார், ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்தப் பதினொரு மாதமும் நான் நன்றாகப் பிரசங்கித்தேன் என்று சபையார் சொன்னார்கள்.

முதலில் அவரிடம் சொன்னேன். பிறகு இருவருமாக அந்த மகளின் வீட்டுக்குப் போனோம். முறத்தில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். செய்தி வந்து சேர்ந்தது, நான்தான் வரவில்லை, இவர்மேல் பழி போட்டேன் என்று நின்றுகொண்டே சொன்னேன். அவர் கீரை உருவுவதை நிறுத்தவில்லை. வெகுநேரம் கழித்து, “அம்மா ரெண்டு நாளும் வாசலையே பார்த்துக்கிட்டு கிடந்தாங்க ஐயா” என்று மட்டும் சொன்னார். மன்னித்தேன் என்று அன்றைக்குச் சொல்லவில்லை, பிறகும் சொன்னதில்லை. ஆனால் அன்று திரும்பி வரும் வழியில், சபை ஊழியர் ஒரு வருஷத்துக்குப் பிறகு என்னோடு பேச்சுக் கொடுத்தார். அவருடைய மகன் பரீட்சையைப் பற்றி.

ஆகையால், போனால் என்ன கிடைக்கும் என்று என்னால் உறுதி தர முடியாது. ‘சமாதானம் கிடைத்தது’ என்று எழுதியிருக்கிறீர்களே, அது பொய்ச் சமாதானம் என்றும் நான் தீர்ப்புச் சொல்லமாட்டேன். “நம்முடைய பாவங்களை நாம் அறிக்கையிட்டால், பாவங்களை நமக்கு மன்னித்து எல்லா அநியாயத்தையும் நீக்கி நம்மைச் சுத்திகரிப்பதற்கு அவர் உண்மையும் நீதியும் உள்ளவராயிருக்கிறார்” என்ற வாக்கை யாரும் உங்களிடமிருந்து பறிக்க முடியாது. ஆனால் அங்கே ‘அறிக்கையிட்டால்’ என்பதற்கு மூலத்தில் இருக்கும் கிரேக்கச் சொல்லின் உறுப்புகளைப் பிரித்துப் பார்த்தால், ‘அதையே சொல்லுதல்’ என்று வரும்; தேவன் அந்தச் செயலுக்கு எந்தப் பெயரைச் சொல்கிறாரோ அந்தப் பெயரை நாமும் சொல்லுதல். அவர் ‘எடுத்தாய்’ என்கிறார். நீங்கள் ‘செலவாகிவிட்டது’ என்கிறீர்கள். இன்னும் இருவரும் ஒரே வார்த்தையைச் சொல்லவில்லை. கத்தோலிக்கச் சகோதரர்கள் திருப்பலியின் தொடக்கத்தில் மார்பில் தட்டிக்கொண்டு, “என் பாவமே, என் பாவமே, என் பெரும் பாவமே” என்று சொல்வதை இளவயதில் நான் சடங்கு என்று நினைத்ததுண்டு. இப்போது அந்த ‘என்’ மூன்றுமுறை வருவதன் அவசியம் புரிகிறது.

இந்த இடத்தில் நீங்கள் தடுமாறக்கூடும் என்பதனால் ஒன்றைத் தெளிவாக்குகிறேன். ஈடுசெய்வது மன்னிப்புக்குக் கொடுக்கும் விலை இல்லை. வரி வசூலிப்பவர்களின் தலைவனாயிருந்த சகேயு, “நாலத்தனையாகத் திரும்பச் செலுத்துகிறேன்” என்று சொன்னது இயேசு அவன் வீட்டுக்குள் வந்த பிறகு. வருவதற்கு நிபந்தனையாக அவர் எதையும் கேட்கவில்லை. மரத்தின்மேல் இருந்தவனை அவரே பெயர் சொல்லி அழைத்தார். கிருபை முந்தி வந்தது. அது வந்தபடியினால் அவன் கை தானாகப் பணப்பைக்குப் போயிற்று. உங்கள் கையும் போயிருக்கிறது. நான் அதை மறுக்கவில்லை. ஆனால் அது காணிக்கைப் பெட்டிக்குப் போயிருக்கிறது. லேவியராகமம் 6ஆம் அதிகாரத்தில், அநியாயமாய் எடுத்ததற்கு முதலோடு ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டி, பலியிடுகிற அந்த நாளிலேயே உரியவன் கையில் கொடுக்க வேண்டும் என்று கர்த்தர் சொன்னார். உரியவன் கையில். 22,000 ரூபாய்க்கு உரிய இடம் சபை. ஐந்தில் ஒரு பங்காகிய 4,400 ரூபாயையும் சேர்த்து 26,400 என்று நீங்கள் கணக்குப் போட்டால் அந்தப் பக்கம் சரியாகிவிடும். கோயில்பிள்ளைக்கு 4,500 ரூபாய் வீதம் 26 மாதச் சம்பளம், 1,17,000 ரூபாய். அதில் ஒரு ரூபாய்கூட இன்னும் புறப்படவில்லை. திருடன் என்ற பெயரோடு அவர் கடைத்தெருவில் நடந்ததற்கும், ஒருவேளை அவருடைய பிள்ளைகள் பள்ளியில் கேட்ட பேச்சுக்கும் எந்த வேதபாரகனும் தொகை போட முடியாது.

செய்ய வேண்டியது என்ன என்று கேட்டால், முதலில் கோயில்பிள்ளையின் வீட்டுக்குப் போங்கள், குருவானவரிடம் அல்ல. காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டுப் போய் “முன்பு உன் சகோதரனோடே ஒப்புரவாகி, பின்பு வந்து” செலுத்து என்று மத்தேயு 5ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் வைத்த வரிசை அதுதான். தவிரவும், தன் பெயர் சுத்தமானதை ஊர்வாயிலாகக் கேட்கும் அவமானம் அவருக்கு இன்னொரு முறை வரக்கூடாது. அங்கே போய் நீங்கள் பேச வேண்டியது மூன்று வாக்கியங்கள். ‘ஏலப் பணத்திலிருந்து 22,000 ரூபாயை நான் எடுத்தேன். நீங்கள் எடுக்கவில்லை என்று எனக்குத் தெரிந்திருந்தும், உங்கள்மேல் பழி வந்தபோது வாயை மூடிக்கொண்டேன். இதைக் குருவானவரிடமும் சபையிலும் சொல்லப் போகிறேன்.’ இதற்குப் பின்னால் ‘ஆனால்’ என்று ஒரு சொல் நாக்கு நுனிவரைக்கும் வரும்; மைத்துனர், தவணை, பிசாசு எல்லோரும் அந்தச் சொல்லின் பின்னால் வரிசையாக நிற்பார்கள். அதை விழுங்கிவிடுங்கள். ‘என்னை மன்னித்துவிட்டேன் என்று சொல்லுங்கள்’ என்று கெஞ்சாதீர்கள். அழுகையினால் அவரை நெருக்காதீர்கள். அவர் ஏசினால் கேட்டுக்கொள்ளுங்கள். கதவைச் சாத்தினால், நாளை வருகிறேன் என்று சொல்லிவிட்டுத் திரும்புங்கள். மறுநாள் மெய்யாகவே போங்கள்.

அன்றைக்கே உங்கள் வட்டாரச் சபைகளுக்குப் பொறுப்பான சேகர குருவானவரைப் பார்த்து, நடந்ததை எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுங்கள். கோயில்பிள்ளை நிரபராதி என்பது மன்றத்தின் தீர்மானப் புத்தகத்தில் பதிய வேண்டும் என்றும், ஞாயிறு ஆராதனை அறிவிப்பில் வாசிக்கப்பட வேண்டும் என்றும் நீங்களே கேளுங்கள். பழி ஊர் முழுவதும் பரவியது. அதன் நிவிர்த்தி மன்ற அறைக்குள் அடங்கிப்போவது நியாயமில்லை. ‘ஊழியத்துக்கு அவமானம்’ என்று சொல்லி மூடிவைக்க விரும்புகிற பெரியவர்கள் நிச்சயம் இருப்பார்கள். சவுலும் கடைசியில் அதைத்தான் கேட்டான்: பாவஞ்செய்தேன், ஆனாலும் மூப்பருக்கு முன்பாக என்னைக் கனம்பண்ணும் என்று. நீங்கள் அதற்கு இணங்காதீர்கள். காரியம் தீரும்வரை ஞாயிறு பள்ளி வகுப்பை வேறொருவரிடம் ஒப்படையுங்கள்.

சட்டத்தின் கண்ணில் இது நம்பிக்கை மோசடி. புகார் வந்தால் அதை எதிர்கொள்ள வேண்டியிருக்கும். ஒரு வழக்கறிஞரைக் கலந்துகொள்வது விசுவாசக் குறைவு இல்லை; கலந்துகொள்ளுங்கள். அவர் சொல்லும் ஆலோசனையை, கோயில்பிள்ளையிடம் போகாமல் இருப்பதற்குக் காரணமாக மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள்.

கடைசியாக, நான் மிகவும் யோசித்து எழுதுகிற ஒன்று. உண்மையைச் சொன்ன பிறகு வருகிற முதல் சில இரவுகள் மிகவும் கனமாக இருக்கும். இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாஸ் ‘பாவஞ்செய்தேன்’ என்று தன்மையில்தான் சொன்னான். முப்பது வெள்ளிக்காசையும் திருப்பிக் கொண்டுபோனான். பிரதான ஆசாரியர்கள், “எங்களுக்கென்ன, அது உன்பாடு” என்றார்கள். அந்த வார்த்தையோடு அவன் தனியே போனான், தனியே செத்தான். அவரை மறுதலித்த பேதுருவும் மனங்கசந்து அழுதவன்தான். ஆனால் மற்ற சீஷர்களை விட்டுப் போகாமல் அவர்கள் நடுவிலேயே இருந்தான். அங்கே இருந்தபடியினால்தான் உயிர்த்தெழுந்தவர் அவனைக் கண்டார். ஆகையால் அந்த நாட்களில் தனியாக இராதீர்கள். நம்பத்தக்க ஒருவரை வீட்டில் வந்து தங்கச் சொல்லுங்கள். உயிரை வெறுக்கிற எண்ணம் எழுந்தால் அந்த நிமிஷமே மனைவியை எழுப்புங்கள், எனக்கும் எழுதுங்கள். உங்கள் சேகர குருவானவருக்கு, நீங்கள் சம்மதித்தால், நானே ஒரு கடிதம் எழுதுகிறேன். ‘அது உன்பாடு’ என்று சபை உங்களிடம் சொல்லிவிடாதபடி பார்த்துக்கொள்ளும்படி அவரைக் கேட்டுக்கொள்வேன்.

எப்போது போவது என்று தள்ளிப்போட வேண்டாம். வருகிற சனிக்கிழமை உபவாசத்தை விட்டுவிட்டுக் காலையில் சாப்பிடுங்கள். நிற்பதற்குத் தெம்பு வேண்டும். அந்த வீட்டுக்குப் போகும் வழியும், அவர் வீட்டில் இருக்கும் நேரமும் உங்கள் மனைவிக்குத் தெரியும். அவர்களையும் உடன் அழைத்துச் செல்லுங்கள்.